தூசி தட்டலாம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

"வீட்டுல உக்காந்தே, பைசா செலவில்லாம பழைய ஆவணங்களைப் பாக்கலாம்"னு போன இதழ்ல நாலு பாரா எழுதினாலும் எழுதினோம், ஆபீஸுக்கு லெட்டரும் வாட்ஸப் மெசேஜும் குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் பதில் போட இடம் பத்தாது. அடிக்கடி வந்த கேள்விகளையும், எனக்கே சுவாரசியமாப் பட்ட சிலதையும் எடுத்திருக்கேன். பேர் போட வேணாம்னு பலர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

கேள்வி: ஈரோட்டுல ஜவுளிக் கடையில வேலை பாக்குறேன் சார். எங்க ஊரு 200 வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசை. கூகுள்ல போட்டா மஞ்சள் மார்க்கெட்டும் பெரியாரும்தான் வருது. எங்க தேடணும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: முதல்ல கெசட்டியர்ல, அதாவது ஊர் ஊரா விவரம் சொல்ற அரசாங்கப் புத்தகத்துல, தேடுங்க. 'இம்பீரியல் கெசட்டியர் ஆஃப் இந்தியா'ன்னு வெள்ளைக்கார சர்க்கார் 1908 வாக்குல கொண்டு வந்த பெரிய தொகுப்பு, மொத்தம் 26 வால்யூம், ஊர்ப் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்து வரிசையில இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தோட 'டிஜிட்டல் சவுத் ஏஷியா லைப்ரரி' சைட்ல பக்கம் பக்கமா ஃப்ரீயா போட்டிருக்காங்க, லாகின் கூட வேணாம்.

உங்க ஊருக்கு அதுல கொஞ்சூண்டு இடம்தான், ஆனா விஷயம் கனமானது. ஹைதர் அலி காலத்துல ஈரோட்டுல 3,000 வீடு, 15,000 சனம் இருந்ததா சொல்றாங்க. அப்புறம் மராத்தா படை, மைசூர் படை, இங்கிலீஷ் படைன்னு மாத்தி மாத்தி வந்து ஊரே காலியாகிப் போச்சு. சண்டை முடிஞ்சதும் சனம் திரும்பி வந்து, ஒரே வருஷத்துல 400 வீடு, 2,000 பேருக்கு மேல ஆயிருச்சாம். அங்க இருந்த பட்டாளத்தை 1807-ல எடுத்துட்டாங்க. இடிஞ்சு கிடந்த கோட்டையை 1877 பஞ்சத்துல நிவாரண வேலையா சனங்களை வச்சே தரைமட்டம் ஆக்கிட்டாங்க. அதாவது பசியில கிடந்தவங்களுக்குக் கூலி குடுக்கறதுக்காக ஒரு கோட்டையையே காலி பண்ணிருக்காங்க. ஈரோட்டுல கோட்டைன்னு ஏரியா பேரு இருக்கே, கோட்டை எங்கடான்னு கேக்குற பசங்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டுங்க.

இதுக்கு மேல வேணும்னா ஃபிரான்சிஸ் புக்கானன். ஆளு டாக்டர், செடி கொடி ஆராய்ச்சியும் பண்ணுவாரு. 1799-ல திப்பு செத்ததும் புதுசா கைக்கு வந்த சீமையில என்ன விளையுது, என்ன வரி வருது, யார் நெய்யறாங்கன்னு பாத்துட்டு வான்னு கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ல அனுப்பி வச்சது, மனுஷன் கோயமுத்தூர்ப் பக்கமெல்லாம் ஊர் ஊராப் போய்க் கிணத்துத் தண்ணியிலேர்ந்து தறிக்காரன் கூலி வரைக்கும் எழுதித் தள்ளிட்டாரு, 1807-ல மூணு வால்யூமா லண்டன்ல வந்துச்சு. மூணுமே இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இலவச ஆன்லைன் நூலகத்துல (archive.org) இருக்கு. படிக்கும்போது ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. சம்பளம் குடுத்தவன் கம்பெனி. திப்பு ஆட்சியில எல்லாம் நாசம், நாங்க வந்தோம், சனம் திரும்பிச்சுங்கற ராகம் அங்கங்க கேக்கும். கெசட்டியர்லயும் அதே ராகம்தான். ஆனா ஊரை அழிச்ச படைங்க லிஸ்ட்ல இங்கிலீஷ் படையையும் அவங்களே சேத்து எழுதிருக்காங்க பாருங்க, அந்த மாதிரி இடங்களைத்தான் நான் ரொம்ப நம்புவேன்.

இன்னொண்ணு, ஈரோடு மாவட்டமே 1979-ல வந்ததுதான். அதனால பழைய புத்தகத்துல எல்லாம் கோயமுத்தூர் மாவட்டத்துக்குள்ள தேடுங்க. 1887-ல நிக்கல்சன் எழுதின கோயமுத்தூர் மாவட்ட மேனுவலும் அதே ஆர்க்கைவ்ல கிடைக்கும்.

கேள்வி: "இந்தியா பூரா குறுக்கும் நெடுக்கும் சுத்திட்டேன், ஒரு பிச்சைக்காரன், ஒரு திருடன் கூட கண்ல படல, இந்த நாட்டோட முதுகெலும்பை உடைக்கணும்னா இவங்க கல்வியை மாத்தணும்"னு மெக்காலே 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல பேசினதா எங்க மாமா ஃபேமிலி குரூப்ல வருஷா வருஷம் அனுப்புறாரு. நிஜமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: நிஜம் இல்லம்மா. நான் சொன்னேன்னு மாமாகிட்ட சொன்னா அவர் என்னையும் சேத்துத் திட்டுவாரு, அதனால நீங்களே செக் பண்ணிக் காட்டுங்க, அரை மணி நேர வேலை.

பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல யார் என்ன பேசினாலும் 'ஹான்சார்ட்'ங்கற பதிவுல ஏறிடும். 1803-லேர்ந்து 2005 வரைக்கும் உள்ளதை 'ஹிஸ்டாரிக் ஹான்சார்ட்'னு ஆன்லைன்ல ஃப்ரீயா விட்டிருக்காங்க. அதுல ஆள் பேரை வச்சே போகலாம், ஒவ்வொருத்தர் பேச்சும் வருஷ வாரியா இருக்கும். மெக்காலே பக்கத்தைத் திறந்து 1835-ஐத் தேடுங்க. கிடைக்காது. ஏன்னா கவர்னர் ஜெனரல் சபையில சட்ட உறுப்பினரா வேலைக்கு வந்த ஆளு, அப்ப லண்டன்லயே இல்ல. 1834 ஜூன்ல நம்ம மெட்ராஸ்ல வந்து எறங்கி, நேரா ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பாத்துட்டு, அப்புறம் கல்கத்தா போனவர், 1838-லதான் இங்கிலாந்துக்குத் திரும்பினாரு. இந்தியா பூரா சுத்தினதும் கிடையாது.

அந்தத் தேதி மட்டும் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அது உண்மையான தேதிதான். 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி கல்கத்தாவுல உக்காந்து அவர் எழுதினது கல்வி பத்தின ஒரு ஆபீஸ் குறிப்பு. 1920-ல ஷார்ப்னு ஒரு அதிகாரி தொகுத்த கல்வி ஆவணத் தொகுதியில அது முழுசா அச்சாகிருக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல பாக்கலாம். அதுல பிச்சைக்காரனும் இல்ல, முதுகெலும்பும் இல்ல. அதுக்கு பதிலா என்ன இருக்குன்னா, நல்ல ஐரோப்பிய நூலகத்தோட ஒரே ஒரு அலமாரித் தட்டு இந்தியா, அரேபியா ரெண்டோட மொத்த இலக்கியத்துக்கும் சமம்னு இருக்கு. ரத்தத்துலயும் நிறத்துலயும் இந்தியனா, ரசனையிலயும் புத்தியிலயும் இங்கிலீஷ்காரனா ஒரு கூட்டத்தை உருவாக்கணும்னும் இருக்கு. சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாதுன்னு அவரே ஒத்துக்கிட்டு, அதுக்கப்புறம் எழுதின தீர்ப்பு இது!

மாமாவோட கோவத்துக்கு இந்த நிஜ வாசகமே தாராளமாப் போதும். அசலே இவ்ளோ காரமா இருக்கும்போது எதுக்கு ஒரு டூப்ளிகேட்டை ஃபார்வேர்ட் பண்ணிட்டு இருக்கணும்? அந்தப் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட்டை குரூப்ல போட்டுட்டு அமைதியா இருங்க.

கேள்வி: பழைய புத்தகம் டவுன்லோட் பண்ண ஒரு சைட்ல 499 ரூபா கேக்குறாங்க. கட்டலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கட்டாதீங்க. புத்தகப் பேரையும் வருஷத்தையும் இன்டர்நெட் ஆர்க்கைவ்லயும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துலயும் போட்டுப் பாருங்க. ஃப்ரீயா கிடக்குற அதே ஸ்கேனை எடுத்து வாட்டர்மார்க் போட்டு விக்கிறவங்க நிறைய.

கேள்வி: எங்க தாத்தாவோட அண்ணன் ரெண்டாம் உலகப் போர்ல பர்மாவுக்குப் போனவர் திரும்பவே இல்ல. மிலிட்டரி பென்ஷன் வந்துச்சுன்னு அப்பத்தா சொல்லும். ஒரு போட்டோ கூட இல்ல. எங்க புதைச்சாங்கன்னாவது கண்டுபிடிக்க வழி இருக்கா?
(வாசகர், அரக்கோணம்)

பதில்: இருக்குங்க. பென்ஷன் வந்துச்சுன்னா ராணுவக் கணக்குல ஏறின ஆள்தான், அது நல்ல அடையாளம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒண்ணு, 1917-ல ஆரம்பிச்சது, ரெண்டு உலகப் போர்லயும் செத்த பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலிய வீரர்கள் எல்லாருக்கும் கல்லறையோ நினைவுத் தூண்ல பேரோ வச்சுப் பராமரிக்கிறவங்க. அவங்க சைட்ல யார் வேணா காசில்லாம தேடலாம். ஆனா நம்ம ஆளுங்க பேரைத் தேடுறதுல ஒரு சிக்கல். அந்த ஃபார்ம் வெள்ளைக்காரங்க பேருக்காகப் போட்டது, முதல் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம் கேக்கும். நமக்கு ஏது குடும்பப் பேரு? ஒத்தைப் பேரை குடும்பப் பேர் கட்டத்துல போடுங்க. அந்தக் காலத்து கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதிருப்பான், அதனால முருகேசன்னா ரெண்டு மூணு ஸ்பெல்லிங்லயாவது போட்டுப் பாக்கணும். இந்தியப் படைங்கற ஃபில்டரையும், ரெண்டாம் போர்ங்கறதையும் டிக் பண்ணிக்கோங்க.

அப்படியும் சிக்கலைன்னா, 'கூடுதல் விவரம்'னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பேரை விட்டுட்டு ஊரைப் போடுங்க. நிறையப் பதிவுல "இன்னாரோட மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம், இன்னாரோட கணவர்"னு ஒரு வரி இருக்கும். உங்க பக்கத்துக்கு அப்ப மாவட்டம் 'நார்த் ஆர்க்காட்', அதையும் போட்டுத் தேடுங்க. வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்லாத பெரிய பாட்டி பேரு கூட அந்த வரியில கிடைக்கலாம்.

கல்லறை இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. பர்மாவுல கல்லறை எதுன்னு தெரியாதவங்க பேரெல்லாம் ரங்கூன் பக்கம் டாக்கியான்ல இருக்கிற ரங்கூன் நினைவகத்துல செதுக்கியிருக்கு, அங்க மட்டும் கிட்டத்தட்ட 27,000 பேர். எரிச்சவங்களுக்கு அதே வளாகத்துல தனி நினைவகம். மலேயா, சிங்கப்பூர்ல செத்திருந்தா க்ராஞ்சியில இருக்கிற சிங்கப்பூர் நினைவகம். எந்தத் தூண்ல எந்தப் பலகைன்னு வரைக்கும் சைட்ல நம்பர் போட்டிருப்பாங்க.

1947 டிசம்பர் 31-க்கு அப்புறம் செத்தவங்க இந்தக் கணக்குல வர மாட்டாங்க. பிழைச்சு வந்தவங்களும் வர மாட்டாங்க. 1942-ல பர்மாவிலேர்ந்து நடந்தே கிளம்பி வழியில விழுந்த நம்ம சனங்க பேரு இதுல பெரும்பாலும் இருக்காது. அவங்களுக்கு யாரும் தூண் வைக்கல.

கேள்வி: எங்க வீட்டுப் பழைய பத்திரத்துல "பசலி 1318, கீலக வருஷம் ஆவணி மாதம்"னு போட்டிருக்கு. இது எந்த வருஷம்? கண்டுபிடிக்க ஃபார்முலா ஏதாவது இருக்கா?
(ரிட்டயர்டு ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: 1908 ஆகஸ்ட்-செப்டம்பர், டீச்சர். பசலிங்கறது நில வரிக் கணக்குக்கான வருஷம், நம்ம பக்கத்துல ஜூலை 1-ஆம் தேதி ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30-ல முடியும். பசலியோட 590-ஐக் கூட்டினா ஆரம்பிச்ச வருஷம் வந்துடும், 1318-ன்னா 1908. ஆவணிங்கறதால ஜூலைக்கு அப்புறம், அதே 1908-தான்.

கீலகம் அதை உறுதி பண்ணுது. அறுபது வருஷ வட்டத்துல அது 42-ஆவது. பிரபவ வருஷம் 1867, 1927, 1987-ல வந்துச்சு, அதிலேர்ந்து விரல் விட்டு எண்ணிக்கலாம். பத்தாவதா வர்றது தாது, 1867-லேர்ந்து எண்ணினா 1876. தாது வருஷப் பஞ்சம்னு உங்க பாட்டி சொல்லிருப்பாங்களே, அதே பஞ்சம்தான். மேல ஈரோட்டுக் கோட்டையை இடிச்சதும் அதுலதான். தெக்கத்திப் பத்திரத்துல, நாகர்கோவில் பக்கம், கொல்லம் ஆண்டு போட்டிருந்தா 825-ஐக் கூட்டுங்க, வருஷத்தோட பிந்தின பாதியில உள்ள மாசம்னா சரியா வரும். ஆவணியிலேர்ந்து மார்கழி நடுவரைக்கும்னா 824.

பசலிக் கணக்கும் வருஷப் பேர்க் கணக்கும் ஒத்துப் போகலைன்னா பத்திரத்தை ஒரு தடவை சந்தேகமாப் பாருங்க. காப்பி எடுத்தவர் எண்ணைத் தப்பா எழுதியிருக்கலாம், இல்ல யாரோ பின்னாடி தயார் பண்ணதாவும் இருக்கலாம்.

கேள்வி: 1914-ல எம்டன் கப்பல் சென்னையில குண்டு போட்டப்ப எங்க முப்பாட்டன் குடும்பத்தோட மாட்டு வண்டி கட்டிட்டு செங்கல்பட்டுக்கு ஓடினாராம். அப்ப வந்த நியூஸ் பேப்பரை ஃப்ரீயா படிக்க முடியுமா?
(வாசகர், சிந்தாதிரிப்பேட்டை)

பதில்: மெட்ராஸ் பேப்பரை விட்டுட்டு ஆஸ்திரேலியா பேப்பரைப் படிங்க! தமாஷ் இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்.

எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல. சுமார் 130 குண்டு. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டேங்கு பத்திக்கிச்சு, அஞ்சு பேராவது செத்தாங்க, ஹைகோர்ட் சுவர்ல இன்னைக்கும் அந்த இடத்துக்குக் கல்வெட்டு இருக்கு. இதோட தந்திச் செய்தி மறுநாள், அதுக்கடுத்த நாள் உலகம் பூராவும் அச்சாச்சு. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தோட 'ட்ரோவ்', நியூசிலாந்தோட 'பேப்பர்ஸ் பாஸ்ட்', சிங்கப்பூர் நூலக வாரியத்தோட 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி', மூணும் ஃப்ரீ. தேதியை செப்டம்பர் 23-லேர்ந்து அந்த மாசக் கடைசி வரைக்கும் வச்சுட்டு எம்டன், மெட்ராஸ்னு ரெண்டே வார்த்தை இங்கிலீஷ்ல போடுங்க.

அதுல ட்ரோவ்லதான் குவியல் குவியலா வரும். என்ன காரணம்னா, எம்டனை நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுப் பக்கம் அடிச்சு முடிச்சது 'சிட்னி'ங்கற ஆஸ்திரேலியக் கப்பல். அவங்க கடற்படைக்கு அது பெரிய பெருமை, அதனால குட்டி ஊர்ப் பேப்பர் கூட எம்டன் கதையை மாசக்கணக்குல விடாம ஓட்டிருக்கு, அந்த ஓட்டத்துல நம்ம மெட்ராஸும் கூடவே வருது. சிங்கப்பூர் பேப்பர்ல வேற பதட்டம், ஏன்னா அக்டோபர் 28-ல எம்டன் பினாங்குக்குள்ளயே புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடிச்சிட்டுப் போச்சு, அடுத்து நாமதானோன்னு அவங்களுக்கு.

படிக்கும்போது எல்லாப் பேப்பரும் ஒரே மாதிரி எழுதிருக்கேன்னு நெனச்சு "அப்ப உண்மைதான்"னு முடிவு கட்டிடாதீங்க. பத்துப் பேப்பர் இருந்தாலும் தந்தி ஒண்ணுதான், அதுவும் போர்க்காலத் தந்தி, சர்க்காருக்குச் சங்கடமானதை விட்டுட்டுத்தான் அனுப்புவாங்க. உங்க முப்பாட்டன் மாட்டு வண்டி அந்தத் தந்தியில இருக்காது. வீட்டுல சொல்ற கதையையும் எழுதி, தேதி போட்டு, சொன்னவர் பேரோட வச்சுக்கோங்க.

ட்ரோவ்ல இன்னொரு வசதி, கம்ப்யூட்டர் தப்பாப் படிச்ச வரிகளை வாசகர்களே திருத்தலாம். 'மெட்ராஸ்'ங்கறது ஏதோ எழுத்துக் குப்பையா கிடந்தா திருத்தி விட்டுட்டு வாங்க, அடுத்து தேடுறவருக்குக் கிடைக்கும்.

கேள்வி: இவ்ளோ கஷ்டப்படணுமா ப்ரோ? ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடுமே.
(இன்ஜினியரிங் மாணவர், கோவை)

பதில்: சொல்லும் ப்ரோ, இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோட சொல்லும். எங்க தேடலாம்னு கேக்க, புரியாத பழைய இங்கிலீஷை விளக்கச் சொல்ல வச்சுக்கோங்க. அது சொன்ன பக்கத்தை நீங்க கண்ணால பாக்காம எங்கயும் எழுதாதீங்க.

கேள்வி: எங்கட அம்மம்மாவின்ர ஊர் பற்றித் தேடுறன். யுத்தத்தில வீடு போனதோட படமும் இல்லை, பத்திரமும் இல்லை. இணையத்தில ஏதும் கிடைக்குமோ?
(வாசகி, கிளிநொச்சி)

பதில்: 'நூலகம்' தளத்துல தேடுங்க, இலங்கைத் தமிழ் ஆவணத்துக்கு அதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 2005-ல தன்னார்வலர்கள் ஆரம்பிச்சது. 1981-ல யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினப்ப போன புத்தகம் கிட்டத்தட்ட 97,000. அப்படி ஒரு இழப்புக்கு அப்புறம் வந்த சனங்க, எதையும் சின்னதுன்னு தள்ளாம சேக்கறாங்க.

நீங்க வரலாற்றுப் புத்தகத்துல ஆரம்பிக்காதீங்க. நினைவு மலர்ல ஆரம்பிங்க. உங்க பக்கம் ஒருத்தர் தவறினா அந்தியேட்டிக்குக் கல்வெட்டுன்னு ஒரு சின்னப் புத்தகம் அடிச்சுக் குடுப்பாங்களே, வம்சாவளி, பிறந்த ஊர், புகுந்த ஊர், உறவுமுறை எல்லாத்தோடயும், அது நூலகம் தளத்துல நிறைய ஏறியிருக்கு. அம்மம்மா பேருல இல்லாட்டியும், அதே ஊர்ல தவறின சொந்தக்காரர் மலர்ல அவங்க பேரு ஒரு கிளையில இருக்கலாம். அடுத்தது பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர். அதுல குரூப் போட்டோ இருக்கும், கீழ பேர் வரிசையும் இருக்கும். உங்ககிட்ட தப்பிப் பிழைச்ச ஒரு கல்வெட்டுப் புத்தகம் இருந்தாலும் அவங்களுக்கு ஸ்கேன் பண்ணக் குடுங்க.

கேள்வி: எனக்கு ரிப்போர்ட், கெசட்டியரெல்லாம் போரடிக்குது. கதை மாதிரி படிக்க ஏதாவது?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: ஆனந்தரங்கப் பிள்ளை டைரி. புதுச்சேரியில ஃபிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா, தரகரா இருந்தவர், 1736-லேர்ந்து 1761-ல சாகுற வரைக்கும் தமிழ்ல எழுதினது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 12 வால்யூம், 1904-லேர்ந்து 1928 வரைக்கும் வந்தது, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கு. எந்தக் கப்பல் வந்துச்சு, யாருக்கு என்ன நசர் (காணிக்கை) குடுத்தாங்க, கவர்னர் யாரைக் கத்தினாருன்னு எல்லாமே இருக்கும். கவர்னர் பொண்டாட்டியைப் பிள்ளைக்குச் சுத்தமாப் பிடிக்காது, அந்தம்மா வர்ற இடமெல்லாம் பக்கம் சூடா இருக்கும். 1746-ல ஃபிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்ச கதை, 1748-ல வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்ச கதை, ரெண்டையும் தேடிப் படிங்க. முதல் வால்யூம்லேர்ந்து வரிசையாப் போகணும்னு அவசியமே இல்ல. அவரும் பெரிய வியாபாரி, தன் பதவிக்குப் போட்டியா வந்தவனைப் பத்தி நல்ல வார்த்தை எதிர்பாக்காதீங்க.

கேள்வி: ஸ்கேன் பண்ண தமிழ் புத்தகத்துல ஒரு வார்த்தையைத் தேடினா ஒண்ணுமே வர மாட்டேங்குது. என் போன் பிரச்சினையா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: போன் மேல தப்பில்ல. அது வெறும் படம், எழுத்து இல்ல. அதுலயும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சானதுன்னா பழைய வடிவத்துல இருக்கிற 'றா'வும் துதிக்கை வச்ச 'னை'யும் பாத்து கம்ப்யூட்டர் குழம்பிடும். வேணுங்கற பக்கத்தை மட்டும் படமா எடுத்து கூகுள் டிரைவ்ல போட்டு, கூகுள் டாக்ஸ்ல திறந்தா ஓரளவுக்கு எழுத்தா மாத்திக் குடுக்கும், தப்பை நீங்க திருத்திக்கணும். டைப் பண்ணியே போட்ட நூல் வேணும்னா 1998-லேர்ந்து நடக்குற மதுரைத் திட்டம், அப்புறம் தமிழ் விக்கிமூலம். அங்க தேடினா கிடைக்கும்.

இங்கிலீஷ் ஆவணத்துல தேடும்போது வெள்ளைக்காரன் வாயில வந்த பேரைப் போடுங்க, டின்னெவெலி, டாஞ்சூர், ட்ரிச்சினோபொலி, நெகபட்டாம்னு. உங்க ஊர் பிழைச்சுது, அப்பவும் டிண்டிகல்தான்.

கேள்வி: டர்பன்ல இருக்கிற ஒரு அக்கா ஆன்லைன்ல பழக்கம். அவங்க கொள்ளுத்தாத்தா வட ஆர்க்காட்டுலேர்ந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். "நீ அங்கதானே இருக்க, ஊரைக் கண்டுபிடிச்சுக் குடு"ன்னு கேக்குறாங்க. எப்படி?
(வாசகி, ஆரணி)

பதில்: அவங்ககிட்ட முதல்ல கொள்ளுத்தாத்தாவோட 'காலனியல் நம்பர்' கேளுங்க. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ'ங்கற கப்பல் மெட்ராஸ்லேர்ந்து 342 பேரோட டர்பன் போய்ச் சேந்துச்சு, அதுலேர்ந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியாப் போனது 1,52,184 பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். கப்பல் லிஸ்ட்ல பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதிருப்பாங்க. அந்தப் பட்டியலை டைப் பண்ணி ஆன்லைன்ல ஃப்ரீயா போட்டிருக்காங்க. பழைய கல்யாண சர்டிபிகேட், டெத் சர்டிபிகேட் ஏதாவதுல நம்பர் இருக்கும், அதை வச்சுப் போனா ஆள் மாறாது. முனுசாமின்னு பேரை மட்டும் வச்சுத் தேடினா நூத்துக்கணக்குல முனுசாமி வருவாரு.

கிராமப் பேரு கிடைச்சதும் ஆரணி, போளூர்னு இங்கயே தேடிட்டு இருக்காதீங்க. 1911-ல சித்தூர் மாவட்டம் பிரியற வரைக்கும் சித்தூர், திருப்பதியெல்லாம் வட ஆர்க்காட்டுக்குள்ளதான் இருந்துச்சு. அந்த அக்கா வீட்டுல பழைய ஆளுங்க தெலுங்கு பேசினாங்களான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.

கேள்வி: பெட்டகத்துல பர்மா லேவாதேவிக் கணக்கு நோட்டு, கடுதாசி, கொஞ்சம் ஓலைச்சுவடி கிடக்கு. லேமினேட் பண்ணிப் பத்திரமா வைக்கலாம்னு பையன் சொல்றான்.
(வாசகர், காரைக்குடி)

பதில்: ஐயா, பையனைத் தடுத்து நிறுத்துங்க! லேமினேஷன் சூட்டுல பழைய காகிதமும் மையும் கெட்டுப் போகும், திரும்பப் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் ஒட்டக் கூடாது. ஓலைக்கு யூட்யூப் பாத்துட்டு எண்ணெய் தடவ வேணாம், சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துலயோ தஞ்சாவூர் சரஸ்வதி மகால்லயோ கேட்டுட்டு அவங்க சொல்றபடி செய்யுங்க.

நோட்டை மட்டும் போன்ல எடுக்கலாம். ஃப்ளாஷ் வேணாம், வெயில் நேரா விழாத ஜன்னல் ஓரம், நோட்டுக்கு நேர் மேல போனைப் பிடிச்சு, அட்டையிலேர்ந்து வெத்துப் பக்கம் வரைக்கும் ஒண்ணு விடாம வரிசையா எடுங்க. வெத்துப் பக்கத்தை விட்டா பின்னாடி பாக்குறவனுக்குப் பக்கம் காணாமப் போச்சோன்னு சந்தேகம் வரும். ஆர்க்கைவ்ல ஏத்தறதுக்கு முன்னாடி பங்காளிங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, யார் யாருக்குக் கடன் பாக்கின்னு அதுல இருக்கும்ல. உங்க பக்கத்து ஊர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேத்த புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழெல்லாம் அவர் 1992-ல காலமானதுக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல சென்னையில அவர் பேருலயே நூலகமாச்சு. எடைக்குப் போட்டிருந்தா ஒரு தலைமுறை ஆராய்ச்சியே நடந்திருக்காது. உங்க நோட்டைப் பத்தி அவங்ககிட்டயும் பேசிப் பாருங்க.

கேள்வி: இன்டர்நெட்ல எடுத்த பழைய கெசட்டியர் பிரிண்ட் அவுட்டை நிலத்தகராறு கேஸ்ல காட்டினா ஜெயிச்சிடலாமா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: கெசட்டியர்ல உங்க சர்வே நம்பர் இருக்காதுங்க. கோர்ட்டுக்கு வேணுங்கறது 'அ' பதிவேடு (சர்வே நம்பர் வாரியா ஊர் நில விவரம்), செட்டில்மென்ட் பதிவேடு, இனாம் (மானிய) நிலம்னா 1858-ல ஆரம்பிச்ச இனாம் கமிஷனோட பதிவேடு, அதுவும் சான்றிட்ட நகல். அதுக்குத் தாலுகா ஆபீஸும் எழும்பூர் ஆவணக் காப்பகமும்தான் கதி, நேர்ல போய் மனு குடுக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி பழைய மாவட்டம், தாலுகா, கிராமம், பழைய சர்வே நம்பர் நாலையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, அது இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவாங்க. ஜெயிக்கிறதைப் பத்தி உங்க வக்கீலைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.